தோள் தாங்கும் இசை

இசை செவிக்கு இனியது. உள்ளத்துக்கு உவகை பயப்பது. நல்ல பாட்டொன்றைக் கேட்போர் அதன் இனிமையில் தோய்ந்து தம்மை மறப்பர். ஆனால், அவ்வினிமை எத்துணை உழைப்பால் விளைகின்றது என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. சோற்றின் சுவையை அறிந்தோர் பலர்; உழவரின் வியர்வையை அறிந்தோர் சிலர். இசைக்கும் இது பொருந்தும். குழல் ஊதுபவர் தம் மூச்சைத் தருகின்றார். முழவு கொட்டுபவர் தம் கைகளைத் தருகின்றார். மேடைமீது நின்றவாறே இரண்டு மணி, மூன்று மணி நேரம் பேஸ் கித்தார் இசைப்பவரோ விரல், மணிக்கட்டு, தோள், முதுகு, கால், செவி ஆகிய அனைத்தையும் ஒருங்கே தருகின்றார். அவ்வுழைப்பின் இயல்பை அறிவது, கலைக்கும் உடலுக்கும் உள்ள உறவை அறிவதாகும்.

மெலிவு தரும் கருவி

தமிழிசை மரபில் ஒலியை மெலிவு, சமன், வலிவு என மூன்று நிலைகளாகப் பகுப்பர். தாழ்ந்த ஒலி மெலிவு; இடைப்பட்டது சமன்; உயர்ந்தது வலிவு. மேனாட்டு இசைக்குழுக்களில் மெலிவு நிலை ஒலியைத் தருவதற்கென்றே அமைந்த கருவி பேஸ் கித்தார். பார்வைக்கு அது மற்றக் கித்தாரைப் போன்றதே. ஆயினும், நீளத்தில் மிகுந்தது, எடையில் கூடியது. ஆறு தந்திகளுக்கு மாறாகப் பெரும்பாலும் நான்கு தந்திகளையே உடையது. அவற்றுள் மிகத் தாழ்ந்த ஒலியுடைய தந்தி, விரலால் அழுத்தாமல் மீட்டும்போது நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கின்றது. செவிக்குக் கேட்பதோடு நில்லாமல், நெஞ்சிலும் கால் பதிந்த தரையிலும் உணரத்தக்கது அவ்வதிர்வு.

தமிழ்த் திரைப்படப் பாடல்களிலும் இக்கருவியின் ஒலியைக் கேட்கலாம். பாடகரின் குரலுக்கும் வயலின்களின் ஒலிக்கும் அடியில், ஆற்றின் அடிநீரோட்டம்போல் ஆழ்ந்து ஓடும் ஒலி அதுவே. இசையமைப்பாளர் இளையராஜா தம் பாடல்கள் பலவற்றில் அதற்குச் சிறப்பான இடம் தந்துள்ளார். எனினும், பாட்டைக் கேட்போர் பாடகரின் பெயரைக் கூறுவர். பேஸ் கித்தார் இசைத்தவரின் பெயரைக் கூறுவது அரிது. வீட்டைக் காண்போர் மாடத்தையும் சாளரத்தையும் புகழ்வர். மண்ணுக்குள் மறைந்து கிடக்கும் கடைக்காலைப் பற்றிப் பேசுவதில்லை. இசைக்குழுவின் கடைக்கால் இக்கருவி எனலாம்.

கருவியின் பிறப்பு

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்க நாட்டு நடன இசைக்குழுக்களில் மெலிவு ஒலிக்கு டபுள் பேஸ் என்னும் பெருங்கருவி பயன்பட்டது. வயலினைப் போன்ற வடிவும், ஆள் உயரத்துக்குக் குறையாத உயரமும் உடையது அது. கலைஞர் அதனைத் தரையில் நிறுத்தி, அணைத்துப் பிடித்து, விரல்களால் மீட்டுவார். ஊர்விட்டு ஊர் செல்லும் குழுவினருக்கு அதனை எடுத்துச் செல்வது பெருந்துன்பமாக இருந்தது. மின்னாற்றலால் ஒலிக்கும் கித்தார்களும் முரசுகளும் முழங்கும் மேடையில் அதன் ஒலி எழாமல் அடங்கிப் போவதும் உண்டு.

கலிபோர்னியா மாநிலத்தின் புல்லர்ட்டன் நகரில் வானொலிப் பெட்டிகளைப் பழுது பார்த்து வந்தவர் லியோ பெண்டர். பின்னர் இசைக்கருவிகள் செய்யும் தொழிலில் இறங்கிய அவர், 1951-ஆம் ஆண்டில் பிரசிஷன் பேஸ் என்னும் கருவியை உருவாக்கி விற்பனைக்குக் கொண்டுவந்தார். பிரசிஷன் என்பதற்குத் துல்லியம் என்பது பொருள். வீணையில் மெட்டுகள் அமைந்திருப்பதுபோல் இக்கருவியின் கழுத்திலும் உலோக மெட்டுகள் பதிக்கப்பெற்றன. அதனால், விரல் வைக்கும் இடம் சிறிது விலகினும் சுருதி பிழைபடுவதில்லை. மின்னாற்றலால் அடிநிலை ஒலி எழுப்பும் கித்தாரை அவருக்கு முன்னரும் செய்து பார்த்தோர் உண்டு. எனினும், உலகெங்கும் பரவியது அவர் செய்த கருவியே.

புதிய கருவி ஒரு துன்பத்தைப் போக்கியது. மற்றொரு துன்பத்தைத் தந்தது. பழைய கருவி தன் எடையைத் தானே தரைமீது தாங்கி நின்றது. புதிய கருவியோ தோள்வாரில் தொங்கியது. தரை சுமந்த சுமையைத் தோள் சுமக்க நேர்ந்தது.

இடக்கை விரல்கள்

பேஸ் கித்தாரின் தந்தி, பாலத்திலிருந்து கழுத்தின் முனை வரையில் பொதுவாக 34 அங்குலம், அஃதாவது ஏறத்தாழ 86 சென்டிமீட்டர் நீளம் உடையது. மற்ற மின்கித்தாரின் தந்தி 65 சென்டிமீட்டர் அளவினதே. தந்தி நீண்டால் மெட்டுகளின் இடைவெளியும் நீளும். கழுத்தின் தலைப்பகுதியில் முதல் மெட்டை ஒரு விரலும் நான்காம் மெட்டை மற்றொரு விரலும் தொட வேண்டுமாயின், அவ்விரல்கள் ஏறத்தாழ 13 சென்டிமீட்டர் அகல வேண்டும். சிறிய கையுடையோர்க்கு இஃது எளிதன்று.

தந்தியின் பருமனும் கருதத்தக்கது. ஒரு தந்தி தரும் ஒலியின் உயர்வு தாழ்வு, அதன் நீளம், இழுவிசை, எடை என்னும் மூன்றையும் பொறுத்தது. மெலிந்த தந்தியில் தாழ்ந்த ஒலி வேண்டுமெனில், அதனைத் தளர்த்த வேண்டும். தளர்த்தினால் அது துவண்டு போகும். ஆகவே, தந்தியைப் பருமனாக்கி, இறுக்கிக் கட்டுவர். பேஸ் கித்தாரின் பருத்த தந்தி இரண்டரை மில்லிமீட்டருக்கும் மேற்பட்ட விட்டம் உடையது. மின்கித்தாரின் மெல்லிய தந்தியோ கால் மில்லிமீட்டரே. ஒவ்வொரு பேஸ் தந்தியும் ஏறத்தாழ 20 கிலோகிராம் எடையைத் தொங்கவிட்டாற்போன்ற இழுவிசையுடன் நிற்கின்றது. நான்கையும் கூட்டினால், வளர்ந்த ஒருவரின் உடல் எடைக்கு நிகராகும். அத்தகைய தந்தியை மெட்டின்மீது படியுமாறு அழுத்திப் பிடிப்பதே இடக்கையின் வேலை.

விரல்களை மடக்கும் பெருந்தசைகள் விரல்களில் இல்லை. முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடைப்பட்ட முன்கையில் உள்ளன. அத்தசைகள் நீண்ட தசைநாண்களின் வழியே, கயிற்றால் பாவையை ஆட்டுவதுபோல் விரல்களை இயக்குகின்றன. ஒன்பது தசைநாண்களும் ஒரு முதன்மையான நரம்பும் மணிக்கட்டில் உள்ள குறுகிய வழியொன்றில் நெருங்கிச் செல்கின்றன. மணிக்கட்டை மிகுதியாக வளைத்து, அந்நிலையிலேயே நெடுநேரம் வாசித்தால் அவ்வழியில் நெருக்கம் கூடும். தசைநாண்கள் உராய்ந்து வீங்கும். நரம்பு அழுந்தி விரல்கள் மரத்துப் போகும். கருவியை முழங்காலளவுக்குத் தொங்கவிட்டு வாசிப்பது காண்போர்க்கு அழகாகத் தோன்றலாம். ஆனால், அவ்வழகுக்குரிய விலையைக் கொடுப்பது மணிக்கட்டு.

வலக்கை விரல்கள்

வலக்கை தந்திகளை மீட்டுகின்றது. கலைஞர் பலர் சுட்டுவிரலையும் நடுவிரலையும் மாறி மாறிப் பயன்படுத்துவர். சிறு தகட்டை விரலிடைப் பற்றி மீட்டுவோரும் உண்டு. 1960-களில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் ஒலிப்பதிவுக் கூடங்களில் புகழ்பெற்ற கேரல் கே என்னும் பெண் கலைஞர் அம்முறையைக் கையாண்டவர். கட்டைவிரலால் தந்தியை அடித்து, மற்றொரு விரலால் சுண்டி இழுத்து ஒலியெழுப்பும் முறையைப் பரப்பியவர் லாரி கிரகாம். அவர் தம் தாயின் இசைக்குழுவில் வாசித்து வந்தார். அக்குழுவில் முரசு கொட்டுபவர் இல்லாத நிலை ஏற்பட்டது. முரசின் அடியையும் தாமே தந்தியிலிருந்து எழுப்ப முயன்றார் அவர். குறையொன்றை நிறைக்கப் புகுந்த முயற்சி புதிய முறையாக மலர்ந்தது. ஆனால், அம்முறையில் ஒவ்வோர் அடியின் அதிர்ச்சியையும் கட்டைவிரலின் பக்கவாட்டு எலும்பும் மணிக்கட்டும் ஏற்க வேண்டும்.

எளிய கணக்கொன்றால் வலக்கையின் உழைப்பை அளக்கலாம். நிமிடத்துக்கு 120 தட்டுகள் உடைய பாட்டொன்றில், ஒவ்வொரு தட்டுக்கும் இருமுறை தந்தியை மீட்டுவதாகக் கொள்ளலாம். ஒரு நிமிடத்துக்கு 240 மீட்டல். நான்கு நிமிடப் பாட்டுக்கு 960. இத்தகைய பாட்டுகள் இருபது அமைந்த ஒரு நிகழ்ச்சியில் 19,000-க்கும் மேற்பட்ட மீட்டல்கள்! இவை ஒவ்வொன்றும் உரிய நேரத்தில், உரிய அழுத்தத்தில் விழ வேண்டும். தொடக்கத்தில் பயில்வோரின் விரல் நுனியில் கொப்புளம் எழும், உடையும், எரியும். நாள்தோறும் பயிலப் பயில அவ்விடத்துத் தோல் தடித்துக் காய்ப்பேறும். ஏர் பிடிப்பவர் கையிலும், துடுப்பு வலிப்பவர் கையிலும் காணப்படும் அதே காய்ப்பு இசைக் கலைஞரின் விரலிலும் காணப்படுகின்றது.

ஒற்றை விரல் ஆற்றல்

விரலுழைப்பின் சிறப்புக்குச் சான்றாக விளங்கியவர் ஜேம்ஸ் ஜேமர்சன். 1936-ஆம் ஆண்டில் தென் கரோலினா மாநிலத்தில் பிறந்த அவர், இளமையில் டிட்ராய்ட் நகருக்குச் சென்று, டபுள் பேஸ் வாசிக்கப் பயின்றார். அந்நகரின் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தில் சேர்ந்தபின் பேஸ் கித்தாரைக் கைக்கொண்டார். பெருங்கருவியை மீட்டிப் பழகிய அவர் விரல்கள் வலிமை மிக்கவை. பருத்த தந்திகளை மெட்டிலிருந்து உயர்த்திக் கட்டி வாசிப்பது அவர் வழக்கம். பிறர் அக்கருவியைக் கையாள்வது கடினம். அவரோ பெரும்பாலும் வலக்கைச் சுட்டுவிரல் ஒன்றினாலேயே விரைவும் நுட்பமும் மிக்க இசையை எழுப்பினார். அவ்விரலைக் கொக்கி எனத் தோழர்கள் அழைத்தனர்.

உலகெங்கும் மக்கள் ஆடி மகிழ்ந்த பாடல்கள் பலவற்றின் அடிநிலை அவ்வொற்றை விரலில் நின்றது. ஆனால், அந்நாளில் அந்நிறுவனத்தின் இசைத்தட்டுகளில் வாசித்தவர்களின் பெயர்களை அச்சிடும் வழக்கம் இல்லை. பாடியவரை உலகம் அறிந்தது, தாங்கியவரை அறியவில்லை. அவர் 1983-ஆம் ஆண்டில் மறைந்தார். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பெற்றது. அவர் மறைந்து பதினேழு ஆண்டுகள் சென்றபின் அச்சிறப்பு வந்தது.

தோளும் முதுகும்

பேஸ் கித்தார் பொதுவாக நான்கு முதல் ஐந்து கிலோகிராம் எடை உடையது. நான்கு கிலோகிராம் ஒரு பெருஞ்சுமையா என்று சிலர் வினவலாம். கடைத்தெருவிலிருந்து பை ஒன்றைத் தூக்கி வருபவர் கை மாற்றிக் கொள்வார். இடையில் கீழே வைத்து இளைப்பாறுவார். மேடைக் கலைஞருக்கு அவ்வுரிமை இல்லை. ஒரே தோளில், ஒரே இடத்தில், இரண்டு மணி நேரத்துக்குச் சுமை தொங்குகின்றது. அத்தோள் தன்னையறியாமல் உயர்ந்து இறுகுகின்றது. கழுத்து ஒருபுறம் சாய்கின்றது. சாய்வை ஈடு செய்ய முதுகெலும்பு மறுபுறம் வளைகின்றது. விரல் வைக்கும் இடத்தைப் பார்ப்பதற்காகத் தலையைக் குனிந்தவாறு நிற்பவர்க்குக் கழுத்து வலி கூடுகின்றது.

கருவியின் அமைப்பும் சில வேளைகளில் பகையாகும். முறுக்காணிகள் அமைந்த தலைப்பகுதி கனத்திருந்தால், கழுத்து தரையை நோக்கித் தாழும். அதனைத் தாங்கிப் பிடிப்பதற்கு இடக்கை உழைக்க வேண்டும். அதே கை தந்தியையும் அழுத்த வேண்டும். இக்குறையைக் களையும் பொருட்டு நெட் ஸ்டைன்பர்கர் என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர், தலைப்பகுதியே இல்லாத பேஸ் கித்தார் ஒன்றை 1980-ஆம் ஆண்டையொட்டி அறிமுகப்படுத்தினார். முறுக்காணிகள் கழுத்தின் முனையிலிருந்து கருவியின் அடிப்பகுதிக்கு மாற்றப்பெற்றன. கருவி சமநிலையில் நின்றது; இடக்கைக்கு ஒரு சுமை குறைந்தது.

உடலுக்கேற்ற கருவியைத் தெரிந்தெடுத்தால் வரும் நன்மைக்குப் பால் மெக்கார்ட்னி நல்லதோர் எடுத்துக்காட்டு. இங்கிலாந்து நாட்டு லிவர்பூல் நகரைச் சேர்ந்த பீட்டில்ஸ் குழுவினர், புகழ் பெறுவதற்கு முன் செருமனியின் ஹாம்பர்க் நகரில் இரவு விடுதிகளில் வாசித்து வந்தனர். ஒவ்வோர் இரவும் பல மணி நேரம் இடைவிடாமல் பாடவும் இசைக்கவும் வேண்டியிருந்தது. 1961-ஆம் ஆண்டில் அக்குழுவின் பேஸ் கித்தார் பொறுப்பு மெக்கார்ட்னியிடம் வந்தது. அவர் அந்நகரிலேயே ஹொப்னர் நிறுவனத்தின் கருவி ஒன்றை வாங்கினார். வயலின் வடிவுடைய அக்கருவி, உள்ளே பொள்ளலானது. ஆதலின் எடை குறைந்தது. அதன் தந்தி நீளமும் 30 அங்குலமே. விலையும் அவர் கைக்கு எட்டியது. இடக்கைப் பழக்கமுடைய அவருக்கு, இருபுறமும் ஒத்த அதன் வடிவம் பொருந்தி வந்தது. ஹாம்பர்க்கின் நெடிய இரவுகள் அவர் குரலையும் விரலையும் பண்படுத்தின.

ஓய்வில்லாப் பணி

ஒலிப்பதிவுக் கூடத்தில் பிழை நேர்ந்தால் நிறுத்திவிட்டு மீண்டும் வாசிக்கலாம். விரல் வலித்தால் சற்றே இளைப்பாறலாம். மேடையில் இவற்றுக்கு இடமில்லை. பாடகர் ஓர் அடியைப் பாடி முடித்து மூச்சு வாங்குவார். கித்தார்க் கலைஞர் தம் தனிப்பகுதியை வாசித்துவிட்டுக் கையைத் தளர்த்துவார். பேஸ் கித்தார்க் கலைஞரோ பாட்டின் முதல் தட்டு முதல் இறுதித் தட்டு வரையில் பெரும்பாலும் ஓய்வதில்லை. முரசின் தாளத்தையும் பாட்டின் சுருதியையும் இணைத்து நிற்பவர் அவர். அவர் ஒரு கணம் தயங்கினால், என்ன நேர்ந்தது என்பது கேட்போர்க்கு விளங்காமற் போகலாம். ஆயினும் பாட்டு தளர்ந்துவிட்டது என்பதை அவர்கள் கால்கள் உணரும். உடல் களைத்த நிலையில் தாளம் முந்துவதும் பிந்துவதும் இயல்பு. அதனால், களைப்பை வெல்வதும் இசைத்திறனின் ஒரு பகுதியாகின்றது.

வாசித்துக் கொண்டே பாடுவோர்க்கு உழைப்பு இருமடங்கு. கைகள் ஒரு தாளநடையில் செல்லும்போது, குரல் மற்றொரு நடையில் செல்ல வேண்டும். கனடா நாட்டின் ரஷ் என்னும் மூவர் குழுவைச் சேர்ந்த கெடி லீ, பேஸ் கித்தார் வாசித்தார். உச்சக் குரலில் பாடினார். கால்களால் மிதிகட்டைகளை அழுத்தி வேறோர் ஒலியையும் எழுப்பினார். தேவைப்படும்போது மின்னிசைப் பலகையையும் கையாண்டார். மூவரே உள்ள குழுவில் ஒருவர் பலராக வேண்டியிருந்தது. நெசவாளர் கையால் நாடாவை ஓட்டி, காலால் மிதியை அழுத்தி, கண்ணால் பாவைக் காப்பதுபோல, அவர் கையும் காலும் குரலும் தத்தம் வேலையைச் செய்து ஒன்றுபட்டன.

செவியின் காவல்

மனிதச் செவி தாழ்ந்த ஒலியை எளிதில் உணர்வதில்லை. ஒரே அளவு வலிமையுடைய இரண்டு ஒலிகளுள், தாழ்ந்தது மெல்லெனவும், இடைப்பட்டது உரக்கவும் கேட்கும். பிளெட்சர், மன்சன் என்னும் அறிஞர் இருவர் 1933-ஆம் ஆண்டில் இதனை அளந்து வெளியிட்டனர். ஆகவே, பெருங்கூட்டத்தில் பேஸ் ஒலி எட்ட வேண்டுமாயின், வலிமை மிக்க ஒலிபெருக்கி வேண்டும். 1969-ஆம் ஆண்டில் அம்பெக் நிறுவனம் 300 வாட் ஆற்றலுடைய ஒலிபெருக்கி ஒன்றை உருவாக்கியது. அதன் மேற்பெட்டி மட்டுமே 40 கிலோகிராம் எடையை நெருங்கியது. ஒலிவாய்கள் அமைந்த அடிப்பெட்டி அதனினும் கனத்தது. புகழ்பெற்ற குழுக்களுக்குச் சுமப்போர் உண்டு. எளிய கலைஞர்களோ அவற்றைப் படியேற்றி, மேடையேற்றி, பின்னரே கருவியைத் தோளில் மாட்ட வேண்டியிருந்தது. அண்மைக்கால ஒலிபெருக்கிகள் சில கிலோகிராம் அளவிலேயே அமைந்துவிட்டமையால் இத்துன்பம் பெரிதும் குறைந்துள்ளது.

ஒலி பெருகப் பெருகச் செவிக்கு இடர் பெருகும். 1976-ஆம் ஆண்டில் இலண்டன் நகரின் சார்ல்டன் விளையாட்டரங்கில் தி ஹூ என்னும் குழு இசைத்தபோது, 32 மீட்டர் தொலைவில் 126 டெசிபல் ஒலி அளக்கப்பெற்றது. அது கின்னஸ் நூலில் பேரொலி நிகழ்ச்சியாக இடம்பெற்றது. பின்னாளில் அந்நூலார், செவிக்குக் கேடு விளைவிக்கும் போட்டியை ஊக்குவித்தல் ஆகாதெனக் கருதி, அப்பிரிவையே நீக்கினர்.

பணியிடப் பாதுகாப்புக்கான அமெரிக்கத் தேசிய நிறுவனம் இதற்கோர் அளவு வகுத்துள்ளது. 85 டெசிபல் ஒலியில் எட்டு மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்நேரம் பாதியாகக் குறைய வேண்டும். இக்கணக்கின்படி 100 டெசிபல் ஒலியில் 15 நிமிடத்துக்குமேல் இருத்தல் நன்றன்று. முரசுக்கும் உலோகத் தாளங்களுக்கும் அருகில் நிற்கும் பேஸ் கித்தார்க் கலைஞரோ இரண்டு மணி நேரம் அங்கு நிற்கின்றார். உட்செவியில் உள்ள நுண்ணிய மயிர்க்கலங்கள் அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. விரல்வலி ஓய்வால் தீரலாம். இழந்த செவிப்புலனோ திரும்புவதில்லை. ஆகவே, கலைஞர் பலர் செவியடைப்பான்களை அணிகின்றனர். ஒலியை அளவோடு காதுக்குள் தரும் சிறு கருவிகளை அணிவோரும் உளர்.

உடலோம்பல்

வலியைப் பொறுத்துக் கொள்வதே வீரம் என்று கருதிய காலம் உண்டு. வலியை வெளியிட்டால் வேலை போய்விடும் என்று அஞ்சி மறைத்தோரும் உண்டு. அமெரிக்காவின் 48 பெரிய இசைக்குழுக்களைச் சேர்ந்த 2,212 கலைஞர்களிடம் நடத்திய ஆய்வு ஒன்று 1988-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவர்களுள் 76 விழுக்காட்டினர், தம் வாசிப்பைப் பாதிக்கும் உடற்குறை ஒன்றேனும் தமக்கு இருந்ததாகக் கூறியிருந்தனர். செவ்விசைக் கலைஞர்களைப் பற்றிய ஆய்வாயினும், இசை உடலை வருத்தும் தொழில் என்பதை அஃது உலகுக்கு உணர்த்தியது. விளையாட்டு வீரர்க்கு மருத்துவம் தனியே வளர்ந்ததுபோல், கலைஞர்க்கான மருத்துவமும் ஒரு தனித்துறையாக வளர்ந்தது.

அத்துறையினரும் தேர்ந்த ஆசிரியர்களும் கூறும் அறிவுரைகள் எளியவை. நிகழ்ச்சிக்குமுன் மெல்லிய பயிற்சியால் கைகளை வெதுவெதுப்பாக்கிக் கொள்ள வேண்டும். தோள்வார் அகலமாக இருந்தால் எடை ஓரிடத்தில் அழுந்தாமல் பரவும். உட்கார்ந்து பயிலும்போது கருவி எந்த உயரத்தில் உள்ளதோ, நின்று வாசிக்கும்போதும் ஏறத்தாழ அவ்வுயரத்திலேயே இருக்க வேண்டும். மணிக்கட்டு இயன்ற அளவு நேராக இருத்தல் நன்று. நெடும்பயிற்சிக்கு இடையிடையே ஓய்வு வேண்டும். வலி தோன்றினால் அதனை எச்சரிக்கையாகக் கொண்டு நிறுத்த வேண்டும். உடற்பயிற்சி, உறக்கம், போதிய தண்ணீர் ஆகியவையும் இன்றியமையாதவை.

இவை அனைத்தினும் மேலான அறிவுரை ஒன்று உண்டு. மெல்லத் தொடுவதே அது. பயிலத் தொடங்குவோர் தந்தியை மிகுந்த வலிமையுடன் அழுத்துவர். ஆனால், மெட்டுக்கு மிக அருகில் விரலை வைத்தால் சிறிய அழுத்தமே போதும். அதற்குமேல் அழுத்துவதால் ஒலி சிறப்பதில்லை, விரல்தான் களைக்கின்றது. அவ்வாறே, ஒலி பெருக வேண்டுமாயின் அதற்கு ஒலிபெருக்கி உள்ளது; வலக்கை தந்தியை வன்மையாகப் பறிக்க வேண்டுவதில்லை. வேண்டிய இடத்தில் வேண்டிய அளவே வலிமையைச் செலவிடுபவர் இறுதிப் பாட்டையும் முதற்பாட்டைப்போலவே வாசிப்பர். அளவறியாது செலவிடுபவர் பாதி நிகழ்ச்சியிலேயே கைசோர்வர். சிக்கனம் பொருளுக்கு மட்டும் உரியதன்று, உடலாற்றலுக்கும் உரியது.

இவ்வுண்மை மேடையில் கண்கூடாக விளங்கிய நாள் ஒன்று உண்டு. 2022-ஆம் ஆண்டு சூன் திங்கள் 18-ஆம் நாள் பால் மெக்கார்ட்னிக்கு எண்பது வயது நிறைந்தது. அடுத்த வாரமே, 25-ஆம் நாள், இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசைவிழாவில் அவர் மேடையேறினார். பல்லாயிரம் மக்கள் முன்னிலையில் இரண்டரை மணி நேரத்துக்கும் மேலாக நின்று பாடினார், இசைத்தார். இளமையில் ஹாம்பர்க் விடுதிகளில் தொடங்கிய பழக்கம் அறுபது ஆண்டுகள் கடந்தும் அவரைத் தாங்கியது. உடலைப் பேணியவர்க்கு உடல் செய்யும் கைம்மாறு அது.

பேஸ் கித்தார் இசைப்பவர் பெரும்பாலும் மேடையின் ஓரத்தில் நிற்கின்றார். விளக்கொளி அவர்மீது நிலைத்து விழுவதில்லை. கூட்டத்தின் கண்கள் பாடகரை நோக்குகின்றன. எனினும், காய்ப்பேறிய விரல்களும் வலி கண்ட தோளும் தாங்கி நிற்பதாலேயே பாட்டு நிமிர்ந்து நிற்கின்றது. பாட்டின் இனிமையில் மகிழ்வோர், ஒரு முறையேனும் அதன் அடியில் ஓடும் ஆழ்ந்த ஒலிக்குச் செவி கொடுப்பாராயின், அங்கே ஒருவரின் உழைப்பைக் கேட்பர். தாங்குவோரை அறிந்து போற்றுவது கேட்போர் கடமை. தாங்கும் உடலைப் பேணிக் காப்பது கலைஞர் கடமை. இவ்விரு கடமைகளும் நிறைவேறும் இடத்தில் கலை நெடிது வாழும்.